ஒளிரும் ரிப்போர்ட்டர் ஜீன்: முதல் கன்ஸ்ட்ரக்ட் கட்டுபவர்களுக்கு

நான் முதன்முதலில் கட்டிய ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) பிளாஸ்மிடை, அதாவது அந்தப் புரதத்தின் ஜீனைச் சுமக்கும் சிறிய டிஎன்ஏ வளையத்தை, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, மறுநாள் காலை பிளேட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, இருட்டறையில் யுவி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஒளிரவில்லை. வெளிறிய காலனிகள், அவ்வளவுதான். லைகேஷன், அதாவது டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் வேலை, சொதப்பிவிட்டது என்று முடிவுகட்டி முதலிலிருந்து செய்தேன். இரண்டாம் முறையும் அதே கதை. கடைசியில் பக்கத்து மேசை சீனியர் அக்கா அந்தப் பிளேட்டை வாங்கி, ஜெல் பார்க்கிற நீல எல்இடி பெட்டியின் மேல் வைத்து ஆரஞ்சு மூடியைப் போட்டார். தட்டு முழுக்கப் பச்சை. டிஎன்ஏ சரியாகத்தான் இருந்திருக்கிறது. என் கையிலிருந்த விளக்குதான் தப்பு.

நான் போட்டிருந்தது ஜிஎஃப்பிமியூட்3 என்ற திருத்திய வகை. அது 501 நானோமீட்டர் ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும், 511-இல் உமிழும். ஜெல்லிமீனில் இயற்கையாக இருக்கும் ஜிஎஃப்பிக்கோ 395 நானோமீட்டரில், அதாவது யுவி டார்ச்சுக்குப் பக்கத்தில், பெரிய உறிஞ்சுமுகடு உண்டு. பெயர் இரண்டுக்கும் ஜிஎஃப்பிதான். ஆனால் ஒன்றுக்கு வாங்கிய விளக்கு இன்னொன்றுக்கு உதவாது.

ரிப்போர்ட்டர் ஜீன் என்பது செல்லுக்குள் நடப்பதை ஒளியாலோ நிறத்தாலோ காட்டிக்கொடுக்கும் ஜீன். அன்றிலிருந்து அதை ஓர் அளவுகோலாகத்தான் பார்க்கிறேன். எதை அளக்கப் போகிறோம், எந்தக் கருவியால் அளக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், பால் அளக்கப் போகிறவர் துணிக்கடை நாடாவோடு போய் நின்ற கதையாகிவிடும். கீழே சொல்வதெல்லாம் ஈ.கோலையை மனதில் வைத்து எழுதியது. முதல் கன்ஸ்ட்ரக்டுக்கு, அதாவது நாமே ஒட்டிக் கட்டும் முதல் டிஎன்ஏவுக்கு, அதுதான் தோது.

கொஞ்சம் பின்கதை

1961 கோடையில் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒசாமு ஷிமோமுரா ஏறத்தாழ பத்தாயிரம் ஜெல்லிமீன்களைப் பிடித்து, அவற்றின் விளிம்புகளை வெட்டிப் பிழிந்து, ஒளி தரும் புரதத்தைத் தேடினார். அவர் தேடியது நீலமாக ஒளிரும் எக்வோரினை. கூடவே வந்த பச்சைப் புரதம்தான் பின்னாளில் ஜிஎஃப்பி ஆனது. அதன் ஜீனை 1992-இல் டக்ளஸ் பிரேஷர் குளோன் செய்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி குழு அதை ஈ.கோலைக்குள்ளும் ஒரு புழுவுக்குள்ளும் போட்டு ஒளிர வைத்தது. ரோஜர் சியென் அதைத் திருத்தித் திருத்திப் பல நிறங்கள் கொண்டுவந்தார். 2008 வேதியியல் நோபல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் போனது. ஜீனைக் குளோன் செய்து சால்ஃபிக்கும் சியெனுக்கும் அனுப்பி வைத்த பிரேஷர் அப்போது அலபாமாவில் ஒரு கார் டீலரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆய்வு நிதி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் லேபில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் அது.

நமக்கு இதில் முக்கியமான சேதி ஒன்று உண்டு. ஜிஎஃப்பி 238 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். பீப்பாய் போல மடிந்துகொள்ளும். பீப்பாயின் நடுவில் 65, 66, 67 ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் அமினோ அமிலங்கள் தாமாகவே வளைந்து இணைந்து ஒளிரும் பகுதியாக மாறிவிடும். வெளியிலிருந்து எந்த என்ஸைமும் துணைப்பொருளும் தர வேண்டாம். ஆக்ஸிஜன் மட்டும் போதும். பாக்டீரியாவானாலும் ஈஸ்டானாலும் செடியானாலும் அது வேலை செய்வதற்கு இதுதான் காரணம். ‘ஆக்ஸிஜன் மட்டும்’ என்பதை மறக்காதீர்கள், பின்னால் அதற்குத் திரும்ப வருவோம்.

முதலில் கேள்வி, அப்புறம் நிறம்

ஒரு தாள் எடுத்து, இந்த ரிப்போர்ட்டரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். புதிதாக வருபவர்களின் கேள்வி பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

‘குளோனிங் நடந்ததா இல்லையா?’ இது ஆம், இல்லை கேள்வி. கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

‘இந்தப் புரோமோட்டர் எவ்வளவு வலுவானது?’ புரோமோட்டர் என்பது ஜீனுக்கு முன்னால் இருந்து அதைத் திறக்கும் டிஎன்ஏ பகுதி. இது அளவுக் கேள்வி. ஒப்பிட இன்னொரு புரோமோட்டர் வேண்டும், பிளேட் ரீடரோ (தட்டின் குழிகளை அளக்கும் கருவி) ஃப்ளோ சைட்டோமீட்டரோ (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) வேண்டும்.

‘எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது?’ இது நேரக் கேள்வி. நான்கில் இதுதான் கஷ்டம்.

‘என் புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது?’ இது இடக் கேள்வி. மைக்ராஸ்கோப் வேண்டும். ரிப்போர்ட்டரை உங்கள் புரதத்தோடு ஒட்ட வேண்டும்.

கேள்வி மாறினால் கட்டுமானமும் மாறும். வலுவை அளக்கிறவருக்கு நன்றாக ஒளிர்ந்து அழியாமல் நிற்கும் புரதம் வசதி. நேரத்தை அளக்கிறவருக்கு அதே புரதம் தலைவலி.

கையில் இருக்கும் கருவி எது?

பட்டியலைப் பார்த்துப் புரதம் வாங்குவதற்கு முன், உங்கள் லேப் கருவியின் ஃபில்ட்டர் எண்களைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 488 நானோமீட்டர் லேசர் மட்டும் உள்ள சைட்டோமீட்டர் பல இடங்களில் இருக்கிறது. அதில் எம்செர்ரி என்ற சிவப்புப் புரதத்தை அளக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எம்செர்ரி 587-இல் உறிஞ்சி 610-இல் உமிழும். அதற்கு 561 நானோமீட்டர் லேசர் வேண்டும். அந்த லேசர் இல்லையென்றால் பச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யுவி டார்ச் மட்டும்தான் உண்டு என்றால் ஜிஎஃப்பியுவி என்ற வகையைத் தேடுங்கள். கல்லூரிப் பயிற்சி வகுப்புகளில் வரும் பிகுளோ பிளாஸ்மிடில் இருப்பது அதுதான். அரபினோஸ் சர்க்கரை சேர்த்த பிளேட்டில் மட்டும் பச்சையாக ஒளிரும். கண்களுக்கு யுவி கண்ணாடி கட்டாயம். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று குனிந்தவர்கள் மறுநாள் கண்ணில் மணல் போட்ட மாதிரி அவதிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கருவியும் இல்லையா? அப்படியானால் ஒளிரும் புரதமே தேவையில்லை. அமில்சிபி என்று பவளப்பூச்சியிலிருந்து வந்த ஒரு நிறப்புரதம் இருக்கிறது. சாதாரண வெளிச்சத்திலேயே காலனி நீலமாகத் தெரியும். எம்ஆர்எஃப்பி1 என்ற சிவப்புப் புரதமும் நன்றாக உற்பத்தியானால் வெறும் கண்ணுக்கே சிவப்பாகத் தெரியும்.

புரதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆயிரக்கணக்கில் வகைகள் இருக்கின்றன. முதல் முறைக்கு அவ்வளவும் வேண்டாம்.

பச்சைக்கு சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பி. 485-இல் உறிஞ்சி 510-இல் உமிழும். இன்னொரு புரதத்தோடு ஒட்டும்போது அந்தப் புரதம் சரியாக மடியாவிட்டாலும் இது மடிந்து ஒளிரும் என்பதே அதன் பெருமை. அதே காரணத்தால், உங்கள் புரதம் நன்றாக மடிகிறதா என்று சோதிக்க மட்டும் அதை வைக்காதீர்கள், எப்போதும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்லும். பழைய சின்தெட்டிக் பயாலஜி கட்டுமானங்களில் இருப்பது பெரும்பாலும் ஜிஎஃப்பிமியூட்3பி, ஐஜெம் என்ற மாணவர் போட்டியின் டிஎன்ஏ பாகக் களஞ்சியத்தில் ஈ0040 என்ற எண். அதுவும் நல்ல புரதம்தான்.

சிவப்புக்கு எம்செர்ரி. செல்லின் சொந்த ஒளிர்வு சிவப்புப் பக்கம் குறைவு என்பதால் பின்னணி சுத்தமாக இருக்கும். ஆனால் முதிர்வதற்குப் பச்சையைவிட நேரம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது நிறம் வேண்டுமென்றால் எம்டேக்பிஎஃப்பி2 என்ற நீலம், 399-இல் உறிஞ்சி 454-இல் உமிழ்வது. மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று அதிகம் ஏறாது. மஞ்சளையும் பச்சையையும் ஒரே செல்லில் போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அவற்றின் உமிழ்வு ஒன்றோடொன்று கலந்துவிடும், பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தாளில் வரையுங்கள்

இடமிருந்து வலமாக நான்கு பாகங்கள்: புரோமோட்டர், ரைபோசோம் வந்து அமரும் இடம், ரிப்போர்ட்டர் ஜீன், படிப்பதை நிறுத்தும் டெர்மினேட்டர். ஐஜெம் களஞ்சியத்தில் பி0034 (ரைபோசோம் இடம்), ஈ0040 (ஜிஎஃப்பி), பி0015 (டெர்மினேட்டர்) மூன்றையும் சேர்த்து ஒட்டி வைத்த பாகமே ஐ13504 என்ற எண்ணில் இருக்கிறது. அதன் முன்னால் உங்கள் புரோமோட்டரை வைத்தால் வேலை முடிந்தது. புதியவர்களுக்கு இதைவிடச் சுலபமான தொடக்கம் இல்லை.

புரோமோட்டருக்கு ஆண்டர்சன் வரிசையிலிருந்து ஒன்றை எடுங்கள். 35 எழுத்துகள்தான், ஆகவே ஆலிகோவாகவே, அதாவது செயற்கையாகச் செய்த குட்டி டிஎன்ஏ துண்டாகவே, வாங்கிவிடலாம். ஜே23100-ஐ 1 என்று வைத்தால் ஜே23101 ஏறத்தாழ 0.7, ஜே23106 0.47, ஜே23114 0.10. உடனே எல்லோரும் மிக வலுவானதைத்தான் எடுப்பார்கள். நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். உயர் நகல் பிளாஸ்மிடில், ஒரு செல்லுக்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருக்கும்போது, வலுவான புரோமோட்டரும் பி0034-உம் சேர்ந்தால் செல் தன் சக்தியையெல்லாம் பச்சைப் புரதம் செய்வதிலேயே செலவழிக்கும். வளர்ச்சி மந்தமாகும். புரோமோட்டரை உடைத்துக்கொண்ட ஒரு மியூட்டன்ட் செல் வேகமாக வளர்ந்து பிளேட்டையே பிடித்துக்கொள்ளும். ஒளிரும் காலனிகளுக்கு நடுவே கொழுகொழுவென்று ஒளிராத காலனி ஒன்று நின்றால் பெரும்பாலும் அதுதான் விஷயம். பி15ஏ போன்ற நடுத்தர நகல் பிளாஸ்மிடும் நடுத்தரப் புரோமோட்டரும் எடுத்தால் இந்தச் சண்டை வராது.

ரைபோசோம் இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதற்கும் தொடக்க ஏடிஜிக்கும் இடையே சில எழுத்துகள்தான் இடைவெளி இருக்க வேண்டும். பழைய பயோபிரிக் முறையில் ஒட்டும்போது இடையில் டிஏசிடிஏஜி என்ற ஆறு எழுத்துத் தழும்பு விழும், பி0034-உம் அதற்குத் தக்கபடி இருக்கும். வேறு முறையில் ஒட்டுகிறவர்கள் அந்த ஆறு எழுத்துகளைத் தேவையில்லை என்று தூக்கிவிட்டு, ஒளிர்வு ஏன் குறைந்தது என்று தேடுவார்கள். இதேபோல் புரோமோட்டரை மாற்றினால் எம்ஆர்என்ஏவின் முன்நுனியும் மாறும். அது ரைபோசோம் இடத்தோடு மடிந்து அதை மூடிக்கொள்ளலாம். அளவுக் கேள்வி கேட்பவர்கள் இடையில் ரைபோஜே என்ற தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஆர்என்ஏ துண்டைப் போடுவது இதனால்தான். எந்தப் புரோமோட்டர் வைத்தாலும் எம்ஆர்என்ஏவின் முன்நுனி ஒரே மாதிரி ஆகிவிடும்.

இடக் கேள்விக்கு ரிப்போர்ட்டரை உங்கள் ஜீனோடு ஒரே சட்டகத்தில் ஒட்ட வேண்டும். முதல் ஜீனின் நிறுத்தக் கோடானை எடுத்துவிட்டு, நடுவில் கிளைசின், செரின் கலந்த ஒரு வளையும் இணைப்பைப் போடுங்கள். எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடுகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். நிறுத்தக் கோடானை எடுக்க மறந்து, ஒளிராத ஃப்யூஷனை ஒரு மாதம் துரத்தியவர்கள் எல்லா லேபிலும் உண்டு.

கட்டுவது

துண்டுகளை ஒட்டுவதற்கு கிப்சன் முறையானாலும், என்ஸைமால் வெட்டி ஒட்டும் கோல்டன் கேட் ஆனாலும் சரி. கோல்டன் கேட் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். ஈ0040 பாகத்தின் உள்ளேயே பிஎஸ்ஏ-1 என்ஸைம் வெட்டும் இடம் ஒன்று இருக்கிறது. ஜீனின் கடைசிப் பகுதியில் ஏஏஜி ஏஜிஏ ஜிஏசி சிஏசி என்று நான்கு கோடான்கள் வரும். அவற்றின் நடுவே ஜிஏஜிஏசிசி என்று படித்துப் பாருங்கள், அதுதான் வெட்டுமிடம். தெரியாமல் போட்டால் என்ஸைம் உங்கள் ரிப்போர்ட்டரையே இரண்டாக நறுக்கிவிடும். ஏஜிஏ என்ற கோடானை சிஜிடி என்று மாற்றினால் போதும். இரண்டும் ஆர்ஜினினுக்குத்தான், புரதம் மாறாது. ஜீனை ஆர்டர் செய்யும்போதே இப்படி மாற்றி வாங்கிவிடுங்கள்.

சரியான காலனியைப் பொறுக்க ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் துண்டு போய் உட்கார வேண்டிய இடத்தில் முன்கூட்டியே எம்ஆர்எஃப்பி1 ஜீன் இருக்கும் பிளாஸ்மிடைப் பயன்படுத்துங்கள். ஒட்டுதல் நடந்தால் சிவப்பு வெளியேறும். வெட்டப்படாத பழைய பிளாஸ்மிடை எடுத்த காலனிகள் சிவப்பாக இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். சிவப்பு தெரிய நேரமாகும். பதினாறு மணி நேரத்தில் வெளுப்பாக இருந்தது மறுநாள் ரோஜா நிறமாகலாம், ஆகவே அவசரப்பட்டுப் பொறுக்க வேண்டாம்.

எந்த ஈ.கோலை ரகம் என்பதும் முக்கியம். டாப்10 ரகத்தில் லாக் பகுதியே நீக்கப்பட்டிருக்கிறது, லாக்ஐ அடக்கிப் புரதம் அதனிடம் இல்லை. லாக் புரோமோட்டரை அதில் போட்டால் ஐபிடிஜி என்ற திறக்கும் பொருளைச் சேர்க்காமலே எப்போதும் திறந்தே இருக்கும். ‘இன்டியூஸ் பண்ணாமலே ஒளிர்கிறதே’ என்று குழம்ப வேண்டாம், லாக்ஐ ஜீனையும் பிளாஸ்மிடில் சேர்த்துவிடுங்கள். மறுபக்கம் அரபினோஸ் புரோமோட்டருக்கு டாப்10 நல்லது, ஏனென்றால் அதனால் அரபினோஸைத் தின்ன முடியாது. அந்த மீடியத்தில் குளுக்கோஸ் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், புரோமோட்டர் அடங்கிவிடும்.

பச்சையாக ஒளிர்கிறது என்பதற்காக சீக்வென்சிங்கைத் தவிர்க்க வேண்டாம். ஒளிர்வு ரிப்போர்ட்டரைப் பற்றித்தான் சொல்லும், புரோமோட்டரில் விழுந்த ஓர் எழுத்துப் பிழையைச் சொல்லாது.

இந்தியாவில் செய்கிறவர்கள் தொடங்குமுன் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் தெரிவித்துவிடுங்கள். 1989-இல் வந்த விதிகளின் கீழ் அது இருக்கிறது. முடிந்த கல்ச்சரையும் பிளேட்டையும் ஆட்டோகிளேவ் செய்யாமல் தொட்டியில் கொட்டக் கூடாது.

கன்ட்ரோல்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ரிப்போர்ட்டர் சோதனையின் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒன்று, வெறும் மீடியம். எல்பி மீடியமே பச்சைப் பக்கம் ஒளிரும். மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். அளவுக் கேள்விக்கு எம்9 மீடியத்துக்கு மாறிவிடுவது நல்லது.

இரண்டு, அதே ரகம், அதே பிளாஸ்மிட், ஆனால் ரிப்போர்ட்டர் இல்லாதது. ரிபோஃப்ளேவின் போன்ற பொருள்களால் செல்லும் தானாகக் கொஞ்சம் பச்சையாக ஒளிரும். அதைக் கழிக்க இதுவே வழி. பிளாஸ்மிடே இல்லாத செல்லை இதற்குப் பதிலாக வைக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்ந்த செல்லின் வளர்ச்சியே வேறு, ஆகவே அது சரியான ஒப்பீடு இல்லை.

மூன்று, எப்போதும் திறந்திருக்கும் தெரிந்த புரோமோட்டர். ஜே23101-ஐ இதற்கென்றே பலரும் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் அளவை அதனோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொன்னால், வேறொரு லேபில் வேறொரு கருவியில் அளந்தவரோடும் பேச முடியும்.

ஒவ்வொன்றிலும் மூன்று தனித்தனிக் காலனிகள். ஒரே காலனியிலிருந்து மூன்று குழி போட்டால் அது மூன்று ஆகாது.

அளப்பது

இரவு வளர்த்த கல்ச்சரை மறுநாள் நூறு மடங்கு புதிய மீடியத்தில் கரைத்து, செல்கள் வேகமாகப் பெருகும் கட்டத்துக்கு வரவிடுங்கள். கறுப்புச் சுவரும் தெளிந்த அடியும் கொண்ட 96 குழித் தட்டில் 200 மைக்ரோலிட்டர் வீதம் ஊற்றுங்கள். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும். அவற்றில் வெறும் மீடியத்தை மட்டும் ஊற்றி விட்டுவிடுங்கள். 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 600 நானோமீட்டரில் ஓடியையும் (செல்களின் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு), 485-இல் தூண்டி 520-இல் ஒளிர்வையும் அளக்கச் சொல்லுங்கள்.

சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற கெயின் அமைப்பைக் கருவியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். தானாகவே சரிசெய்துகொள்ளும் கெயின் தட்டுக்குத் தட்டு மாறும், நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடவே முடியாது. அதிகம் ஒளிரும் குழி உச்சவரம்பைத் தாண்டாதபடி ஒரு கெயினைத் தேர்ந்து, நோட்டில் எழுதி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி என்று ஒரு கற்பனை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் புரோமோட்டர் உள்ள குழியில் ஓடி 0.49, ஒளிர்வு 5,320. வெறும் மீடியத்தின் ஓடி 0.09. ஆகவே செல்லுக்கான ஓடி 0.40. ரிப்போர்ட்டர் இல்லாத செல்கள் அதே ஓடியில் காட்டும் ஒளிர்வு 520. கழித்தால் 4,800. அதை 0.40-ஆல் வகுத்தால் 12,000. ஜே23101 உள்ள குழியில் இதே கணக்கில் 30,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் புரோமோட்டர் ஜே23101-இல் 0.4 பங்கு. இந்த விகிதம் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு கல்ச்சரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர வேண்டும். மெதுவாக வளரும் செல்லில் புரதம் தேங்கும், புரோமோட்டர் வலுவில்லாமலே பளிச்சென்று தெரியும். இரவு முழுக்க வளர்ந்து நின்றுபோன கல்ச்சரை அளந்து புரோமோட்டர் வலு என்று எழுதுவது இதனால்தான் தப்பு.

வேறு கருவியோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஃப்ளோரசின் சாயத்தைப் படிப்படியாகக் கரைத்து ஒரு தரக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐஜெம் நடத்திய பல லேப் ஒப்பீட்டு ஆய்வுகளில் அப்படித்தான் செய்தார்கள். மலிவான சாயம், அரை மணி நேர வேலை.

நேரக் கேள்வி கேட்பவர்களுக்கு

ஜிஎஃப்பி ஈ.கோலைக்குள் அழிவதே இல்லை என்று சொல்லலாம். புரோமோட்டரை மூடினாலும் ஏற்கெனவே செய்த புரதம் அப்படியே இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். செல் அரை மணிக்கு ஒருமுறை பிரிகிறது என்றால், மூடி இரண்டு மணி நேரம் கழித்தும் பதினாறில் ஒரு பங்கு ஒளிர்வு மிச்சமிருக்கும். வளர்ச்சி நின்ற கல்ச்சரில் அதுவும் குறையாது. அணைத்த அடுப்பின் மேல் பால் சூடாகவே இருப்பது போல.

இதற்கு மருந்து, ஜிஎஃப்பியின் வால்பக்கம் எஸ்எஸ்ஆர்ஏ என்ற சிறிய அடையாளத்தை ஒட்டுவது. கிளிப்எக்ஸ்பி என்ற செல்லின் சொந்த இயந்திரம் அந்த வாலைப் பார்த்ததும் புரதத்தை உடைத்துவிடும். வாலின் கடைசி மூன்று அமினோ அமிலங்களை மாற்றி வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எல்விஏ வால் வேகமானது, அரை ஆயுள் ஏறத்தாழ 40 நிமிடம். ஏஏவி, ஏஎஸ்வி வால்கள் மெதுவானவை. 2000-ஆம் ஆண்டு எலோவிட்ஸும் லைப்ளரும் வெளியிட்ட ரெப்ரசிலேட்டர் என்ற அலையாடும் ஜீன் சுற்றில் ஜிஎஃப்பி ஏறி இறங்கி அலையாடியதற்கு இந்த வாலும் ஒரு காரணம். வால் இல்லாதிருந்தால் அலையின் பள்ளங்கள் தெரிந்திருக்காது.

விலை உண்டு. வால் ஒட்டினால் ஒளிர்வு குறையும். பலவீனமான புரோமோட்டரோடு எல்விஏ வாலையும் போட்டுவிட்டு, பிளேட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். அப்புறம், அந்த உடைக்கும் இயந்திரமும் எல்லையற்றதல்ல. வால் ஒட்டிய புரதம் மலைபோல் குவிந்தால் அதற்கு முன் வரிசை நிற்கும், அரை ஆயுளும் நீளும்.

திறக்கும் பக்கமும் ஒரு தாமதம் இருக்கிறது. புரதம் உருவாகி மடிந்து ஒளிரும் நிலைக்கு வரச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி வரை ஆகும், எது எவ்வளவு என்பது புரதத்தைப் பொறுத்தது. பச்சையையும் சிவப்பையும் ஒரே சமயம் திறந்தாலும் பச்சைதான் முதலில் தெரியும். ‘முதல் ஜீன்தான் முந்திக்கொள்கிறது’ என்று இதைப் பார்த்து எழுதிவிடக் கூடாது. இரண்டு நிறங்களையும் இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரே செல்லில் இரண்டு நிறம்

2002-இல் எலோவிட்ஸ் குழு ஒரே மாதிரியான இரண்டு புரோமோட்டர்களுக்கு இரண்டு நிறங்களைக் கொடுத்தது. செல்லுக்குச் செல் நிறக் கலவை மாறுவதைக் காட்டி, ஜீன் வெளிப்பாட்டில் இயல்பாகவே தற்செயல் இருக்கிறது என்று நிறுவியது. நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் இரண்டு நிறம் நல்ல உத்தி. ஒன்றை உங்கள் புரோமோட்டருக்கும் மற்றதை நிலையான புரோமோட்டருக்கும் கொடுத்தால், பிளாஸ்மிட் எண்ணிக்கையும் செல்லின் ஆரோக்கியமும் மாறுவதை நிலையான நிறம் காட்டிக்கொடுக்கும். அளக்கும்போது பச்சை மட்டும் உள்ள செல், சிவப்பு மட்டும் உள்ள செல் இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒன்றின் ஒளி மற்றதன் ஃபில்ட்டரில் எவ்வளவு கசிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிரவில்லையா?

வரிசையாகப் பாருங்கள். முதலில் விளக்கு, என் கதையை மேலே படித்தீர்கள். அடுத்து நிலையான புரோமோட்டர் போட்ட கன்ட்ரோல் ஒளிர்கிறதா? அதுவும் ஒளிரவில்லை என்றால் உங்கள் கட்டுமானத்தைக் குறை சொல்லாதீர்கள்.

குழாய் மூடியை இறுக்கி நிறைய ஊற்றி வளர்த்தீர்களா? ஆக்ஸிஜன் இல்லாமல் புரதம் இருந்தும் ஒளிராது. திறந்து சிறிது நேரம் காற்றில் ஆட்டினால் ஒளிர்வு ஏறும். காற்றே இல்லாமல் வளரும் பாக்டீரியாவில் வேலை செய்கிறவர்களுக்கு ஜிஎஃப்பி குடும்பமே உதவாது. அவர்களுக்கு ஃப்ளேவினைப் பிடித்து ஒளிரும் ஐலவ் போன்ற புரதங்கள் இருக்கின்றன.

மீடியம் புளித்துவிட்டதா? அமிலத்தில் பச்சை மங்கும். மைக்ராஸ்கோப்புக்காக மெத்தனாலில் நிலைப்படுத்தினீர்களா? புரதத்தின் மடிப்பே குலைந்திருக்கும், ஃபார்மால்டிஹைடுக்கு மாறுங்கள். ஆம்பிசிலின் பிளேட்டில் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருப்பவற்றைப் பொறுக்கினீர்களா? அவற்றில் பிளாஸ்மிடே இருக்காது.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு, ஒளிரக் கூடாதது ஒளிர்வது. சூடோமோனாஸ் பாக்டீரியாவில் இரும்பு குறைந்தால் பையோவெர்டின் என்ற பொருள் தானாகவே பச்சைமஞ்சளாக ஒளிரும். ஈஸ்டில் ஏடிஇ2 மியூட்டன்டுகள் சிவப்பு நிறப்பொருளைச் சேர்த்து வைக்கும். இலையில் குளோரோஃபில் சிவப்பாக ஒளிரும். இந்த உயிர்களில் ரிப்போர்ட்டர் இல்லாத கன்ட்ரோலை முதல் நாளே அளந்துவிட்டு, அதன் பிறகு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மங்கலாகவே தெரிந்தால், பாராஃபிலிம் சுற்றிய பிளேட்டை ஓர் இரவு 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். முதிராமல் நின்ற புரதமும் முதிர்ந்திருக்கும், சிவப்பில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நன்றாக ஒளிரும் ஒரே காலனியை எடுத்து வளர்த்து, கிளிசரால் கலந்து மைனஸ் 80-இல் போட்டுவிடுங்கள். குழாயின் மேல் தேதியோடு அளந்த கெயினையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவீர்கள்.